கோட்டையூர்ப் பக்கம் ஒரு பட்டறை: பிரிப்பதற்கு முன்னால் அளந்து பார்க்கிறவர்

இந்தப் பட்டறை யாருக்குச் சரிவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி குளிரவில்லை, பவர் விண்டோ இறங்கவில்லை, டச் ஸ்கிரீன் மாட்ட வேண்டும், வண்டியைக் கழுவி வாசனை அடித்துத் தர வேண்டும் என்றால் காரைக்குடிக்குள் அதற்கெல்லாம் வேறு இடங்கள் இருக்கின்றன. வண்டி இழுக்கவில்லை, நிற்கும்போது உதறுகிறது, ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை, போதாக்குறைக்கு யாரோ ஒருவர் "இன்ஜின் போச்சு, இறக்கணும்" என்றும் சொல்லிவிட்டார் என்றால், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் இங்கே போய் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.

கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குள் வரும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வேப்பமரத்தை ஒட்டித் தகரக் கூரை. பெயர்ப்பலகை கிடையாது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் ஆச்சி, கூட்டம் வந்தா வேலை கெட்டுப்போகும்" என்றார். அதனால் இங்கே பெயர் இல்லை. டீக்கடையில் "கேஜ் வச்சுப் பார்க்கிறவர்" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள்.

எனக்குப் பலகாரத் தொழில். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று கல்யாண வீடுகளுக்கும் கடைகளுக்கும் போட்டுக் கொடுக்கிறோம். தேவகோட்டை, ராயவரம், பொன்னமராவதி என்று டின்களை ஏற்றிக்கொண்டு ஓடுவது ஒரு பழைய மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலும் எல்பிஜியும் போடலாம். வண்டி ஓடினால்தான் சரக்கு போகும் என்பதால் அதன் உடம்பு எனக்கு முக்கியம். வைகாசி முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் முன்னால் அது நோய்வாய்ப்பட்டது. சிக்னலில் நின்றால் டின் எல்லாம் கடகடவென்று ஆடும். சின்ன ஏற்றம் வந்தாலும் இரண்டாவது கியர். எல்பிஜி குடிக்கிற அளவும் கூடிப்போனது.

வழக்கமாக விடுகிற இடத்தில் முதலில் பிளக் மாற்றினார்கள். அப்புறம் பிளக் ஒயர். அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில், "ரிங் போயிடுச்சு, நம்ம ஊர் செம்மண் புழுதிக்கு இதுதான் கதி, இன்ஜினை இறக்கி ரீபோர் அடிச்சிடலாம்" என்று 38,000 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ரீபோர் என்றால் சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. புழுதியைப் பற்றி அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால் செம்மண் தூள் உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும், இந்தச் சுற்று வட்டாரத்தில் அது நடக்கிற விஷயம்தான். ஆனால் என் வண்டியில் அதுதான் நடந்திருக்கிறது என்பதற்கு ஒருவரும் எதையும் அளந்து காட்டவில்லை. கணக்கில்லாமல் எட்டணா கொடுத்தாலே எனக்குத் தூக்கம் வராது. 38,000 எப்படிக் கொடுப்பேன்?

வண்டி ஓட்டுகிற தம்பிதான் கேஜ்காரரைப் பற்றிச் சொன்னான்.

அவர் செய்வது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. சிலிண்டருக்குள் போகிற காற்றையும் எரிபொருளையும் பிஸ்டன் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்கினது அமுக்கினபடி நின்றால்தான் பிளக் பொறி விட்டதும் சரியாக வெடிக்கும். குக்கரில் காஸ்கட் தளர்ந்தால் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் விசில் வராது இல்லையா, அந்த மாதிரி. காற்று வெளியே தப்பிக்க இருக்கிற வழிகளும் குறைவு: பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங், மேலே திறந்து மூடுகிற வால்வுகள், இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற பேக்கிங். எந்த வழியில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டினால் போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன். ஆனால் அவர் அதைச் செய்கிற ஒழுங்கு இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த விமரிசனமே.

வண்டி சூடாக வந்து நிற்க வேண்டும். நாங்கள் போன அன்று அவர் வேறு வேலையில் இருந்ததால் இன்ஜின் ஆறிவிட்டது. மறுபடி ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஆறின இன்ஜினில் கேஜ் காட்டுகிற அளவை நம்ப முடியாதாம். அடுத்தது பேட்டரி. மீட்டர் வைத்துப் பார்த்து, இறங்கியிருக்கிறது என்று அவருடைய பேட்டரியையும் ஒயர் போட்டுச் சேர்த்தார். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் நல்ல சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும். ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின், அதையும் தூக்கியாயிற்று. எல்பிஜி வால்வை மூடினார். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கினார். காயில் கனெக்டரைக் கழற்றினார். பிளக் ஓட்டைகள் திறந்து கிடக்கும்போது ஒரு பக்கம் பெட்ரோல் ஆவியும் இன்னொரு பக்கம் பொறியும் வந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

மூன்று பிளக்கையும் கழற்றுவதற்கு முன்னால் பிளக் குழியைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை ஊதிவிட்டார். அந்த மண் உள்ளே விழுந்தால் இல்லாத நோயும் வந்துவிடும். கழற்றின பிளக்குகளை ஒரு பழைய முட்டை அட்டையில் 1, 2, 3 என்று வரிசையாக நிறுத்தினார். மூன்றாவது மட்டும் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் எண்ணெய் நனைப்பு எதிலும் இல்லை. ரிங் போனால் பிளக்கில் எண்ணெய் தெரிய வாய்ப்பு அதிகம் என்றார். "ஆனா அத வச்சு மட்டும் சொல்ல மாட்டேன்."

கேஜ் இரண்டு வகை உண்டு. ரப்பர் கூம்பை ஓட்டையில் வைத்துக் கையால் அழுத்திப் பிடிப்பது ஒன்று. மரை போட்டு முறுக்கி மாட்டுகிற ஹோஸ் வைத்தது இன்னொன்று. இவரிடம் இருப்பது இரண்டாவது. கை கொஞ்சம் நழுவினாலும் ரப்பர் வகையில் காற்று கசிந்து எண் குறையும். மரை வகையில் அந்தப் பேச்சே இல்லை. நுனியில் ஒரு சின்ன வால்வு இருப்பதால் முள் ஏறின இடத்திலேயே நிற்கும், நின்று நிதானமாகப் படிக்கலாம். இணையத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கே இந்தக் கேஜ் கிடைக்கிறது. வாங்கி வைத்திருக்கிற பட்டறைகள்கூட அதை டப்பாவிலேயே தூங்க விடுகின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தம்பியை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரை தட்ட மிதிக்கச் சொன்னார். மிதிக்காவிட்டால் இன்ஜினுக்குப் போதிய காற்று போகாது, எல்லாச் சிலிண்டரும் நோயாளி மாதிரி காட்டும். பிறகு செல்ஃப். முள் ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் அவர் வாய் எண்ணுகிறது. ஐந்து துள்ளல் ஆனதும் "போதும்". ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே ஐந்து. ஒன்றுக்கு ஐந்து, இன்னொன்றுக்கு எட்டு என்று சுற்றினால் ஒப்பிட முடியாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: 165, 160, 95. பிஎஸ்ஐ கணக்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று கேட்கிறவர்கள் 14.2 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

அந்த எண்களை மட்டும் எழுதவில்லை, முதல் துள்ளலில் முள் எங்கே நின்றது என்பதையும் பக்கத்தில் சின்னதாகக் குறித்தார். முதல் துள்ளல் குறைவாக இருந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் மேல் சந்தேகம். முதலிலும் குறைவு, கடைசி வரைக்கும் பெரிதாக ஏறவில்லை என்றால் வால்வு பக்கம். என்னுடைய மூன்றாவது சிலிண்டர் இந்த இரண்டாவது ரகம்.

அப்புறம் ஒரு சிரிஞ்சில் தேக்கரண்டி அளவு இன்ஜின் ஆயிலை எடுத்து மூன்றாவது ஓட்டைக்குள் விட்டார். செல்ஃப் அடித்து மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கில் போய் அடைத்து, எண் கணிசமாக ஏறும். எங்களுக்கு வந்தது 100. ஐந்து பிஎஸ்ஐ ஏறினது ஏற்றமே இல்லை. ஆயிலை ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றினால் அதுவே இடத்தை அடைத்துக்கொண்டு கேஜ் காட்டுகிற அளவை உயர்த்திவிடும் என்பதால் அளவாகத்தான் விட வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் பேக்கிங் போயிருக்கிறது என்று நினைக்கலாம். இங்கே இரண்டாவது நன்றாக இருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை, ஆயிலும் பால் கலந்த மாதிரி ஆகவில்லை.

"ரிங் இல்ல ஆச்சி. வால்வு."

38,000 ரூபாய்ச் சீட்டை அப்போதுதான் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். முன்னாலேயே காட்டியிருந்தால் அவர் பார்வை அதில் சாய்ந்துவிடும் என்று வேண்டுமென்றேதான் மறைத்து வைத்திருந்தேன். படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பட்டறையைப் பற்றிக் குறை பேசாத மெக்கானிக்கை நான் பார்த்தது அபூர்வம்.

வண்டியை அன்று ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காரணம், கம்ப்ரஷனைச் சூட்டில் பார்க்க வேண்டும், டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளியை, அவர் இன்ஜின் குளிர்ந்த பிறகுதான் வைக்கிறார். அவசரக்காரர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போன கையோடு திரும்ப முடியாது. காலையில் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரில் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை. தகடு நுழையவில்லை.

இதற்கு அவர் சொன்ன விளக்கம் எல்பிஜி வண்டி வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பெட்ரோல் துளித்துளியாக உள்ளே போகும்போது வால்வையும் அது உட்கார்கிற சீட்டையும் கொஞ்சம் குளிர வைக்கிறது. எல்பிஜி ஆவியாகவே போவதால் அந்த உபகாரம் இல்லை. காலப்போக்கில் சீட் தேய்ந்து வால்வு மேலே மேலே ஏறி உட்காரும். ஏற ஏற டேப்பட் இடைவெளி குறையும். இடைவெளி தீர்ந்துபோனால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வின் வழியாக எரிகிற வாயு சீறிக்கொண்டு போய் அதன் விளிம்பையே தின்றுவிடும். மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டைச் சீட்டுக்குக் கடத்துகிறது. மூடவே முடியாத வால்வு எரிந்துபோவதைத் தவிர வேறு என்ன செய்யும்?

டேப்பட் வைத்து, வண்டியைச் சூடாக்கி, மறுபடி அளந்தார். மூன்றாவது 125. இங்கேதான் எனக்குள் இருக்கிற கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டாள். குறைந்த சிலிண்டர், உயர்ந்ததில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 165இல் முக்கால் பங்கு ஏறக்குறைய 124. 125 என்றால் தேர்ச்சி மதிப்பெண்! உதறலும் முக்கால்வாசி போய்விட்டது. அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "போகலாம். முகூர்த்தம் முடியற வரைக்கும் ஓடலாம், ஓடாமலும் போகலாம்" என்றார். கம்ப்ரசரிலிருந்து காற்றைப் பிளக் ஓட்டை வழியாக மூன்றாவது சிலிண்டருக்குள் விட்டு, சைலன்சர் வாயில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உஸ்ஸென்று ஒரே சீறல். ஆயில் ஊற்றுகிற வாய்ப் பக்கம் அப்படிச் சத்தமாகக் கேட்டால் ரிங், காற்று உள்ளே போகிற வழியில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் பேக்கிங். என் காதால் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. ஹெட்டை இறக்கச் சொல்லிவிட்டேன்.

இறக்கினதும் வரச்சொல்லி அந்த வால்வைக் காட்டினார். விளிம்பில் ஒரு பக்கம் அரித்துப்போய், பல் விழுந்த மாதிரி இருந்தது. சிலிண்டருக்குள் விரலை விட்டு மேல் விளிம்பில் நகத்தை ஓட்டச் சொன்னார். தேய்ந்த இன்ஜினாக இருந்தால் படி மாதிரி தட்டும். எதுவும் தட்டவில்லை. இந்த சிலிண்டரைத்தான் ரீபோர் அடிக்கப் பார்த்தார்கள்.

லேத்துக்கு அனுப்பி சீட் வெட்டி, புது எக்ஸாஸ்ட் வால்வு போட்டு, மற்றவற்றைப் பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்காரவைத்து, வால்வு ஆயில் சீல், ஹெட் பேக்கிங், எப்படியும் கழற்றியாயிற்றே என்று வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட், எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஹெட் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கினார், கை மதிப்பில் இல்லை. கம்ப்ரஷன் பார்க்கத் தனியாக 400 ரூபாய். வேலையை அவரிடமே கொடுத்தால் மறுபடி மறுபடி பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. கடைசியில் வந்த எண்கள் 165, 165, 160. அந்தக் காலண்டர் தாளை என் பேரேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து எப்போது பார்த்தாலும் ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டுமே.

காத்திருந்த நேரத்தில் இன்னும் இரண்டு வண்டி வந்தன. கானாடுகாத்தான் பக்கத்து வீடொன்றிலிருந்து ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிறது. நான்கு சிலிண்டரும் என் ஆம்னியை விட மிகக் குறைவாகக் காட்டின. எனக்கே பாவமாக இருந்தது. அவரோ, "நாலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருக்கு, அந்தக் காலத்து இன்ஜின் அமுக்கறதே கம்மி, இதுல கை வைக்காதீங்க" என்று கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார். எண் உயரமாக இருக்கிறதா என்பதை விட, சிலிண்டர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். அந்தந்த இன்ஜினுக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்று கம்பெனிக் கையேட்டில் இருப்பது இரண்டாவது. எண் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாலும் சந்தோஷப்பட முடியாது, உள்ளே கரி படிந்து இடம் குறுகியிருக்கும். எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்றும் பார்ப்பாராம்.

இன்னொன்று ஒரு டீசல் டாக்சி. அதைத் தொடவே இல்லை. அவருடைய கேஜ் 300 பிஎஸ்ஐ வரைக்கும்தான். டீசல் இன்ஜின் சாதாரணமாகவே அதைத் தாண்டிவிடும். அதற்கு வேறு கேஜ் வேண்டும், குளோ பிளக் ஓட்டையிலோ இன்ஜெக்டர் ஓட்டையிலோ மாட்டத் தனி அடாப்டர் வேண்டும். தேவகோட்டையிலிருந்து வெயிலில் வந்த அந்த ஓட்டுநருக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். டீசல்காரர்களே, போகாதீர்கள்.

குறைகளையும் எழுத வேண்டும். போன் எடுக்கவே மாட்டார். லேத்தில் இருந்து ஹெட் வர நான் நினைத்ததை விடத் தாமதமானது. அந்த இடைவெளியில் ராயவரத்துக்கு வாடகை வண்டி பிடித்து சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அந்தச் செலவு என்னுடையது. தாமதத்தை அவராகச் சொல்லவில்லை, நான் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. வண்டி சீட்டின் மேல் ஒரு சாக்கு விரிக்கக்கூடத் தோன்றாததால் சீட் உறையில் கிரீஸ் கறை. உட்கார ஒரு கவிழ்த்த ஆயில் டின்தான், பெண்களுக்குக் கழிப்பறை வசதி சுத்தமாக இல்லை. பில் வெள்ளைத்தாளில் எழுதித் தருகிறார். தொழிலுக்கு வண்டி வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது கணக்கில் சேர்க்கத் தொந்தரவு. பழைய பாகங்களை மட்டும் கேட்காமலே பையில் போட்டுத் தந்துவிடுகிறார்.

அதோடு, கம்ப்ரஷன் பார்த்தால் எல்லாமே தெரிந்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். அடியில் பேரிங் தட்டுகிற சத்தம், இன்ஜெக்டர் அடைப்பு, சென்சார் கோளாறு இவையெல்லாம் இந்தக் கேஜில் வராது. புது வண்டிகளில் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பவரிடம் முதலில் போவதுதான் முறை. எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று ஸ்கேனர் சொன்ன பிறகு, ஏன் அடிக்கவில்லை என்று கேட்க இங்கே வரலாம். அவரிடம் ஸ்கேனர் இல்லை, வாங்குகிற எண்ணமும் இருப்பதாகத் தெரியவில்லை.

போகிறவர்கள் காலையில் கடை திறக்கும்போதே, குறைந்தது கால் மணி நேரமாவது ஓட்டிச் சூடான வண்டியோடு போய் நில்லுங்கள். பேட்டரியை முந்தின நாளே சார்ஜ் போட்டுவிடுங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள், அவரிடம் இருக்கிற பையன் பாதி நேரம் டீ வாங்கப் போயிருப்பான். எல்பிஜி வண்டிக்காரர்கள் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டேப்பட் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார். டேப்பட் மட்டும் பார்க்க 350 ரூபாய். ஜிபே வாங்குவார்.